டிசம்பரில் பள்ளிக்கரணை நிரம்பி நிற்கிறது, பறவைகளை மட்டும் காணோம். ஏன்?

காலைநடை:

வணக்கம். மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். தினமும் ரேடியல் ரோடு வழியாகத்தான் துரைப்பாக்கத்தில் உள்ள ஆபீசுக்குப் போகிறேன், அதனால் சதுப்புநிலம் கண்ணில் படாத நாளில்லை. போன பிப்ரவரி, மார்ச்சில் வண்டியை ஓரம் கட்டிப் பார்க்கிற அளவுக்குப் பறவைகள். நீளச் சிவப்புக் கால் உள்ளான்கள், வாத்துக் கூட்டம், ஒரு வாரம் முழுக்கப் பூநாரைகூட நின்றது.

இந்த வருடம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. சதுப்பு முழுக்கக் கடல் மாதிரி தண்ணீர். சரி, பறவை அள்ளும் என்று நினைத்தால் ஒன்றுமே இல்லை. நடுவில் கறுப்பாக, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு கொஞ்சம் கோழிகள் மிதக்கின்றன. மின்கம்பத்தில் நீர்க்காகம். அவ்வளவுதான். பெரும்பாக்கம் ஏரிப் பக்கமும் அதே கதை.

என் பெண் ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கு "மழையும் பறவைகளும்" என்று ஒரு புராஜெக்ட். "மழை அதிகமானால் பறவை அதிகமாகும்" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, இப்போது என்னைக் கேள்வி கேட்டுக் குடைகிறாள். கூடவே இன்னொன்று: மாத கடைசியில் மைத்துனர் குடும்பம் வருகிறது, வேடந்தாங்கல் போகலாம் என்று திட்டம். அந்த ஏரியும் நிரம்பிவிட்டதாம். அப்படியானால் அங்கேயும் காலியாகத்தான் இருக்குமா? பெட்ரோல் செலவு வீணாகிவிடக் கூடாதே என்று கேட்கிறேன்.

தெருக்கோடி:

இதில் கேட்க என்ன இருக்கிறது? பெருங்குடி குப்பைமேடுதான் காரணம். மழை பெய்தால் குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் அத்தனையும் சதுப்புக்குள்தான் இறங்குகிறது. நாமே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற இடத்தில் பறவை எப்படி இருக்கும்? இன்னும் பத்து வருடம் போனால் நாமக்கோழியும் இருக்காது.

ஏரிக்கரையான்:

குப்பைமேடு அந்த இடத்தைப் பாழாக்கியது உண்மை, அதில் சண்டை இல்லை. ஆனால் அது டிசம்பரிலும் அங்கேதான் இருக்கிறது, பிப்ரவரியிலும் அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரியில் வந்த பறவை டிசம்பரில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

பாப்பாவின் கேள்விக்கு விடை பறவையின் காலில் இருக்கிறது. நீங்கள் சொன்ன சிவப்புக் கால்காரர் பவளக்கால் உள்ளான். அத்தனை நீளக் கால் இருந்தும், முழங்கால் மூட்டுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் ஏறினாலே அதற்குச் சிரமம். ஒரு சாண் ஆழம்தான் அதன் எல்லை. பொரி உள்ளான் மாதிரிச் சின்னதுகளுக்கு அதுவும் வேண்டாம், சேறு பளபளவென்று ஈரமாக இருந்தால் போதும், மேலே இரண்டு விரல் தண்ணீர். ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகு வாத்து எல்லாம் மிதக்கிற சாதியாச்சே என்று கேட்பீர்கள். மிதக்கும், ஆனால் முங்காது. தலையைக் கீழே விட்டு வாலை வானத்துக்குத் தூக்கி, கழுத்து எட்டுகிற தூரத்தில் இருக்கிற விதையையும் புழுவையும்தான் மேயும். தரை ஒரு முழத்துக்குக் கீழே போய்விட்டால் அதற்கு அந்த ஏரி படுத்துத் தூங்கத்தான் ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது.

ஆக ஆள் உயரத் தண்ணீரில் யாருக்கு வேலை? முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கு, முக்குளிப்பானுக்கு, தேவைப்பட்டால் முங்கிக் கொடியைப் பிடுங்கி வருகிற நாமக்கோழிக்கு. நீங்கள் பார்த்த நெற்றிப்பட்டைக் கோழி நாமக்கோழிதான். நீங்கள் கொடுத்த பட்டியலே ஆழத்தைச் சொல்லிவிட்டது, அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் எங்கே போயின? எங்கேயும் போகவில்லை. நவம்பர் மழைக்கப்புறம் சென்னையிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் தண்ணீர் தேங்காத பள்ளமே கிடையாது. நெல் வயல், காலி மனை, சாலையோரக் குட்டை, சின்னத் தாங்கல், கோவளம் கழிமுகத்து ஓரம் எல்லாமே பறவைக்கு ஏற்ற கணுக்கால் ஆழம். கூட்டம் அங்கெல்லாம் பத்தும் இருபதுமாகச் சிதறிக் கிடக்கிறது, அதனால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தை பிறந்து அந்தக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, இன்னும் தண்ணீர் மிச்சமிருக்கிற பெரிய இடங்களுக்கு எல்லாம் ஒன்றுகூடும். அந்த நேரத்தில் பள்ளிக்கரணை மட்டமும் இறங்கியிருக்கும். இரண்டு மாதம் தண்ணீருக்கடியில் ஊறிய சேற்றில் நத்தை, புழு, பூச்சி முட்டை எல்லாம் பெருகி, தண்ணீர் விலக விலக வெளியே தெரியும். தண்ணீர் ஓரம் தினம் தினம் உள்ளே நகர்கிறது, பறவையும் அதன் பின்னாலேயே நகர்கிறது. நீங்கள் பிப்ரவரியில் பார்த்த பந்தி டிசம்பர் வெள்ளம் சமைத்தது. பூநாரைக் கணக்கு கொஞ்சம் வேறு, அதற்குக் கால் நீளம், நீந்தவும் தெரியும். ஆனால் தலைகீழாக அலகை வைத்து வடிகட்டித் தின்கிற உயிர் என்பதால், மழைத் தண்ணீர் கரைத்துப் பரப்பிய ஏரியைவிட, வற்றிச் சுண்டிய உப்பங்கழியே அதற்கு இலாபம். பழவேற்காட்டிலும் அதைப் பார்க்கலாம்.

பள்ளிக்கரணைக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தாம்பரம், மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரித் தண்ணீர் இங்கேதான் வந்து சேர்கிறது. வெளியேற ஒரே வாசல் ஒக்கியம் மடுவு, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு வழியாகக் கடல். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் இடம் இது. இப்போது சாலையும், குடியிருப்பும், கம்பெனிக் கட்டடங்களும், குப்பையும் போக மிச்சம் சொற்பம். 2007ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அது நல்லதுதான். ஆனால் வருகிற மழை குறையவில்லையே. முன்பு அகலமாகப் படுத்த தண்ணீர் இப்போது உயரமாக நிற்கிறது. வேளச்சேரிக்காரர்கள் 2015லும் 2023லும் மாடியில் உட்கார்ந்து பார்த்த அதே தண்ணீர்தான், பறவையையும் விரட்டுகிறது.

இனி வேடந்தாங்கல். தைரியமாகப் போங்கள். அங்கே கணக்கே தலைகீழ்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். அப்பா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர், மதகு திறக்கிறது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்துவிடுகிறது எல்லாம் அவர் வேலை. அதனால் ஏரியைக் கரையில் நின்று மட்டுமில்லை, மதகுக் குழிக்குள் இறங்கியும் பார்த்து வளர்ந்தவன். வேடந்தாங்கல் ஏரி சின்னது, சுமார் 30 ஹெக்டேர். இத்தனை ஆயிரம் பறவைக்கு அந்த ஏரி மீன் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. பறவை அங்கே சாப்பிட வருவதில்லை, குஞ்சு பொரிக்க வருகிறது. ஏரிக்குள்ளேயே கடப்ப மரங்கள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் நிற்கும், வருடத்தில் பாதி மாதம் அப்படி நின்றாலும் சாகாத மரம். அதன் தலையில் கூடு. அடியில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் காட்டுப்பூனை, நரி, நாய், மனிதன் யாரும் கிட்டே வர முடியாது. மரம் நிறைய இருந்தும் அடியில் தரை தெரிந்தால் அந்த மரத்தில் கூடு கட்டத் தயங்கும். மழை பொய்த்து ஏரி காய்ந்த வருடங்களில் பாதிப் பறவைகூட வராததற்கு இதுதான் காரணம்.

காலமும் முக்கியம். வர்ண நாரை முட்டையிட்டு ஒரு மாதம் அடைகாக்கும், அப்புறம் குஞ்சு பறக்க இரண்டு மாதம். கூழைக்கடாவுக்கு இன்னும் நாளாகும். கார்த்திகையில் கூடு கட்டினால் மாசி வரைக்கும் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு? சுற்றிலும் வயல், வாய்க்கால், தாங்கல் எல்லாம் அதே மழையில் மீன் குஞ்சும் தவளையும் நத்தையுமாக நிறைந்திருக்கும். அப்பன் ஆத்தா இரண்டும் மாறி மாறிப் பறந்து போய்க் கொண்டுவந்து கக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்கிற காலமும் குஞ்சுக்குப் பசிக்கிற காலமும் ஒன்றாக விழுகிற மாதிரிதான் அதுகளின் பஞ்சாங்கம்.

நத்தைகுத்தி நாரை வயலில் தின்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள் பாப்பாவை. மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற அலகு அதற்கு. அந்த இடைவெளியில் நத்தையை வைத்து நெரிக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அப்படி இல்லை. நத்தையைத் தண்ணீருக்கடியில் சேற்றோடு வைத்து மேல் அலகால் அழுத்திக்கொள்ளும். கீழலகு நுனி கொஞ்சம் வளைந்து கத்திபோல் இருக்கும், அதை ஓட்டின் மூடிக்குள் நுழைத்து, உள்ளே பிடித்திருக்கிற தசையை அறுத்துவிடும். தலையை இரண்டு மூன்று தடவை உதறினால் சதை வெளியே, ஓடு முழுசாகக் கீழே. வரப்போரம் விரிசல்கூட இல்லாத வெற்று நத்தை ஓடு குவிந்து கிடந்தால் நாரை உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே பறவை எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் உரச் செலவு மிச்சம் என்று ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து நாரையைச் சுட்டபோது ஊரே கலெக்டரிடம் போய் நின்றதாகவும், 1798ல் கலெக்டர் லியோனல் பிளேஸ் யாரும் சுடக் கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். எங்கள் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற கலெக்டரும் இதே பிளேஸ்தான். கரை உடையப் போகிற ராத்திரியில் ராம லட்சுமணர் வில்லோடு காவல் நின்றதை அவர் கண்ணால் கண்டாராம். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். செங்கல்பட்டு ஜில்லாவில் அடைமழை, ஏரி, கரை என்று பேச ஆரம்பித்தாலே அந்த மனிதர் வந்து நிற்கிறார், நான் என்ன செய்ய.

நவரைப்பட்டம்:

ஏரிக்கரையான் அண்ணன் எழுதியது சரி, ஆனால் கொஞ்சம் இனிப்பாக எழுதிவிட்டார். நான் வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் கரிக்கிலி ஏரிப் பக்கம் இன்றைக்கும் பயிர் வைக்கிறவன்.

எச்சத் தண்ணீர் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். நத்தை, நண்டு தின்கிற நாரை எங்களுக்குத் தோழன்தான். ஆனால் நீலத்தாழைக்கோழி இருக்கிறதே, அது நெற்பயிரின் தண்டைக் கடித்து நட்ட நடுவில் கூடு கட்டிவிடும். நட்டு நாலு நாளான வயலில் நாரைக் கூட்டம் இறங்கினால் நாற்று மிதிபட்டு மிதந்துவிடும், மறுபடி ஆள் விட்டு நட வேண்டும், இன்றைக்கு நடவுக் கூலி என்னவென்று உங்களுக்கே தெரியும். இதற்கெல்லாம் யாரும் நஷ்டஈடு தருவதில்லை.

இன்னொன்று மதகு. தை மாதம் நவரைப் பட்டத்து நெல்லுக்கு நாற்று விட்டால் ஏரித் தண்ணீர் வேண்டும். அதே தை மாதம் குஞ்சு இறகு முளைக்காமல் கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. பறவைக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், பயிருக்குத் தண்ணீர் போக வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருடம் சண்டை இல்லை. அரைகுறை மழை வருடம் வந்து பாருங்கள்.

காலைநடை:

இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. நன்றி அண்ணா. பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன், முதல் பக்கத்தை அவளே கிழித்துவிட்டாள். அவளுக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஆழம்தான் பிரச்சினை என்றால் பள்ளிக்கரணைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக் கொஞ்சம் குறைத்தால் என்ன? இரண்டு, அப்படியானால் வெள்ளம் பறவைக்கு நல்லதா, கெட்டதா? ஒரு வரியில் எழுத வேண்டுமாம்.

ஏரிக்கரையான்:

நவரைப்பட்டம் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மறுக்க முடியாது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர் பக்கம்தான் பேசியிருப்பார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அரைகுறை மழை வருடத்தில் பறவையும் குறைவாகத்தான் கூடு கட்டும். சண்டை வலுப்பது, ஐப்பசியில் நன்றாகப் பெய்து கூடு கட்ட வைத்துவிட்டு, கார்த்திகையில் மழை கைவிட்ட வருடங்களில்தான். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்கள் தூர்ந்து போகாமல் இருந்தால் அந்த வருடங்களிலும் பாதிச் சண்டை தீரும். வேடந்தாங்கலுக்கு மழை நேராக வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, சுற்றியுள்ள மேட்டு நிலத்துத் தண்ணீரும் பக்கத்து ஏரிகளின் உபரியும் வாய்க்கால் வழியாக வர வேண்டும். சரணாலயத்துக்கு வேலி போட்டுவிட்டு வாய்க்காலை மனை போட விட்டால் வேலிக்குள் என்ன இருக்கும்?

இறைக்கிற யோசனைக்கு வருகிறேன். பாப்பா கெட்டிக்காரி, ஆனால் வேண்டாம். டிசம்பரில் ஒரு முழம் குறைத்தால் அந்த ஒரு முழம் ஏப்ரலில் இல்லாமல் போகும். வெயில் காலத்தில் அங்கேயே தங்குகிற பறவைக்கும், சுற்றிலும் உள்ள கிணறு, போர்வெல்களுக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். தவிர, சதுப்பின் தரை கிண்ணம்போல் ஒரே சீராக இல்லை. நடுவில் பள்ளம், ஓரத்தில் மேடு. தண்ணீர் தானாக இறங்கும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது ஓர் ஓரம் கணுக்கால் ஆழத்துக்கு வரும். செய்ய வேண்டியது ஓரங்களைத் திருப்பிக் கொடுப்பது. கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய விளிம்புகளைத் தோண்டிச் சரிவாக விட்டால், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் எங்காவது ஒரு சாண் தண்ணீர் நிற்கிற ஓரம் இருக்கும். செங்குத்தாகக் கரை கட்டி நடைபாதை போட்ட ஏரிகளில் அந்த ஓரமே கிடையாது. ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லித்தான் இதைச் செய்கிறார்கள். எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அந்த நடைபாதைகள் மேல்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை, பாப்பா டீச்சரிடம் நாலு வரி கேட்டு வாங்கட்டும். வெள்ளம் எவ்வளவு ஆழம், எத்தனை நாள், எந்த மாதம், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று நாலையும் பார்க்க வேண்டும். கடைசியதற்கு உதாரணம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து, கூழைக்கடாக்கள் நெஞ்சு, சிறகெல்லாம் கறுப்பாகி நின்ற படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இறகில் எண்ணெய் ஏறினால் தண்ணீர் உள்ளே புகும், உடம்பு நனைந்து குளிரும், பறக்க முடியாது. அலகால் கோதிச் சுத்தம் செய்யப் போனால் அதே எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அங்கே ஆழமோ மாதமோ தப்பில்லை. தெருக்கோடி சொன்ன குப்பைமேட்டுக் கவலையும் இந்த நாலாவது கணக்கில்தான் வரும், அவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை.

தெருக்கோடி:

ஏதோ இந்த மட்டுக்கும் விட்டீர்களே. நானும் பிப்ரவரியில் ரேடியல் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன்.

நவரைப்பட்டம்:

காலைநடை சார், வேடந்தாங்கல் போகிறதானால் சில விஷயம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டிப் படாளம் கூட்டுச் சாலையில் வலது பக்கம் திரும்புங்கள். மத்தியான வெயிலில் வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள்தான் ஒன்றுமில்லை என்று புலம்புகிறவர்கள். மூன்று மணிக்கு மேல் வந்து சாயங்காலம் வரை இருங்கள். மேயப் போன கூட்டம் வரிசை வரிசையாக வந்து இறங்குவது அப்போதுதான், போகிற கூட்டம் ஒன்று, வருகிற கூட்டம் ஒன்று. இராக்கொக்கு வக்கா மட்டும் அந்த நேரத்தில்தான் வேலைக்குக் கிளம்பும். மரங்கள் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கின்றன, பைனாகுலர் இல்லாவிட்டால் யாரிடமாவது கடன் வாங்கி வாருங்கள். டிசம்பர் கடைசியில் நிறையக் கூட்டில் முட்டையோ கண் திறந்த சின்னக் குஞ்சோதான் இருக்கும். குஞ்சு கழுத்தை நீட்டிக் கத்துகிற கச்சேரி கேட்க வேண்டுமானால் பொங்கல் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும்.

வழியில் வயலில் இறங்கிப் படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். வரப்பில் மட்டும் நடங்கள்.

காலைநடை:

சரிங்க அண்ணா, மூன்று மணிக்கே வந்துவிடுகிறோம். கரிக்கிலி உங்கள் ஊர்ப் பக்கம்தானே, அதையும் அதே நாளில் பார்த்துவிடலாமா?

ஏரிக்கரையான்:

கரிக்கிலி பக்கத்தில்தான், பத்துக் கிலோமீட்டர் வரும். ஆனால் அது வேறு ரகம். அங்கே வாத்துக்கும் உள்ளானுக்கும்தான் பேர். இப்போது நிரம்பி நிற்கிற ஏரியில் பள்ளிக்கரணைக் கதையேதான் நடக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை வருடந்தோறும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தும், பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் தனியாக ஒரு கணக்கெடுப்பு வைப்பார்கள். பாப்பா தன் தெருவில் தண்ணீர் நிற்கிற காலி மனையைப் பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணி எழுதினாலும் அதில் சேரும். மேடவாக்கத்தில் காலி மனைக்கா பஞ்சம்? இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பள்ளிக்கரணையில் காணாமல் போன உள்ளானில் நாலு அங்கே இருக்கும்.